மலையேறிய துளி

மலையடிவார பஸ் நிலையத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதிலே ஒரு துளி இருந்தது. பக்கத்தில், ஹைட்ரஜனில் ஓடும் புது பஸ் ஒன்று முதல் பயணத்துக்குக் காத்து நின்றது.

"நீதான் புது பஸ்ஸை மலையேத்தப் போறியாமே? உன்னை வச்சு முகம் வேணா கழுவலாம்" என்று பழைய டீசல் பஸ் தினமும் சிரிக்கும்.

ஒரு நடுப்பகலில், கூரையிலிருந்த சூரியத் தகட்டிலிருந்து மின்சாரம் ஓடி வந்தது. "அக்கா, என்னைச் சுமந்துக்கோ. இப்ப யாரும் எடுத்துக்கலைன்னா நான் வீணாப் போயிடுவேன். ஆனா ஒண்ணு, உன்னைப் பிரிச்சாத்தான் நான் ஏற முடியும்."

துளி யோசித்தது. பிரிந்தபிறகு, நான் நானாக இருப்பேனா? இருந்தாலும் பிள்ளை மாதிரி கெஞ்சுகிறதை எப்படித் தள்ளுவது?

"சரி, வா" என்றது.

துளி பிரிந்தது. பிராணவாயு காற்றோடு போனது. ஹைட்ரஜன் மட்டும் அந்த வெயிலின் பலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, புது பஸ்ஸின் சிலிண்டருக்குள் போய் உட்கார்ந்தது.

பொழுது சாய்ந்ததும் அறுபது பேரோடு பஸ் கிளம்பியது. ஒவ்வொரு வளைவிலும் ஹைட்ரஜன் காற்றிலிருந்த பிராணவாயுவோடு கைகோத்து, முடிந்து வைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துக் கொடுத்தது. பஸ் உச்சியில் வந்து நின்றது. பின்குழாய் நுனியில் ஒரு துளி தொங்கியது, முழுசாக.

பின்னாலேயே இருமிக்கொண்டு வந்து சேர்ந்த டீசல் பஸ், "பார்த்தியா, முதல் நாளே வண்டி ஒழுகுது!" என்றது.

"ஒழுகலண்ணே" என்றது துளி. "அறுபது பேரை மேல கொண்டாந்து சேர்த்துட்டு, இப்பத்தான் இறங்குறேன்."