கண்ணைப் பார்த்தே சொல்லிடுவேன்

"அப்பா என் குரலைக் கேட்டு அழுதுட்டார்!" என்று கூவிக்கொண்டே ஐ.சி.யூ.விலிருந்து வெளியே வந்தான் பெரிய மகன்.

"நேத்து எனக்கும்தான் அழுதார். 'அப்பா'ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன், பொலபொலன்னு கொட்டிடுச்சு. உனக்கு எத்தனை சொட்டுண்ணே?" என்று கேட்டாள் மகள்.

"எண்ணிக்கிட்டா இருப்பாங்க? ரெண்டு கண்ணுலயும்தான்."

"முதல்ல அழுதது எனக்கு," என்றாள் பெரிய மருமகள். "திங்கட்கிழமையே மாமா அழுதாச்சு. நான்தான் வெளியில சொல்லிக்கலை."

உள்ளே நிமோனியாவில் நினைவு தப்பி, வாயில் குழாயோடு கிடந்தவர், ரயிலில் முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். "கண்ணைப் பார்த்தே சொல்லிடுவேன், டிக்கெட் வாங்கினவனா இல்லையான்னு" என்பது அவருடைய பெருமை. அந்தத் திறமையை வீட்டிலும் விடமாட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் சின்ன மகன் தனக்குப் பிடித்த பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, அவளை ஒரே ஒரு பார்வை பார்த்தார். "கண்ணுல ஈரமே இல்லை. இது நம்ம வீட்டுக்கு ஆகாது" என்றார். விசாரணை முடிந்தது. அன்றிலிருந்து அவள் 'அந்தப் பொண்ணு'தான்.

அந்தப் பொண்ணு பதினோரு நாளாக ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்தாள். புருஷன் கப்பலில் வேலை, எந்தக் கடலிலோ இருந்தான். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. மாமனார் பிழைத்து எழுந்து, ஒரு தடவையாவது வாய் நிறைய 'மருமக' என்று சொல்லிவிட வேண்டும்.

"அக்கா, அது அழுகை இல்லை," என்றாள் பெரிய மருமகளிடம், மெதுவாக. "கண்வலி. நினைவில்லாம கண்ணை அரைகுறையா மூடிக் கிடக்கறவங்களுக்கு வருமாம். வெள்ளை முழியெல்லாம் எப்படிச் செவந்து கிடக்கு, பாக்கலையா? ஒட்டிக்குமாம். தொட்டா கையைக் கழுவச் சொன்னாங்க நர்சம்மா."

மகள் பொங்கிவிட்டாள். "பெத்த பிள்ளைங்களை நினைச்சு அழறவரைப் பார்த்து வியாதிங்கறியே, நீயெல்லாம் ஒரு மனுஷியா? அப்பா சும்மாவா சொன்னார், ஈரமே இல்லைன்னு!"

பெரிய மகன் அப்பாவின் கண்ணைத் துடைத்த கைக்குட்டையைப் பையிலிருந்து எடுத்தான். "இதுல இருக்கறது எங்கப்பாவோட கண்ணீர்," என்று சொல்லி, தன் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டான். "எனக்கும் குடுண்ணே" என்று மகள் வாங்கி ஒற்றிக்கொண்டாள். நான் மட்டும் என்ன இளைத்தவளா என்று பெரிய மருமகளும் பிடுங்கி ஒற்றிக்கொண்டாள். ஒரு ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில்கூட ஒத்துப்போகாத மூன்று பேர், அன்றைக்கு ஒரே கைக்குட்டையில் ஒத்துப்போனார்கள்.

சின்னவளுக்கு இந்தப் பாசமெல்லாம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது, ஆள் பத்தாத அந்த வார்டில் நர்ஸ் கற்றுக்கொடுத்தது மட்டும்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஆறவைத்த வெந்நீரில் பஞ்சை நனைத்து, மூக்கோரத்திலிருந்து வெளியே ஒரே இழுப்பு. அந்தப் பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த கண்ணுக்கு வேறு பஞ்சு. பிறகு சொட்டு மருந்து. முன்னாலும் சோப்பு, பின்னாலும் சோப்பு. விரல்களில் தோல் உரிந்துவிட்டது.

"எங்கப்பாவைத் தொட்டுட்டு, அசிங்கத்தைத் தொட்ட மாதிரி கழுவறா பாரேன்!" என்றாள் மகள்.

நாலாம் நாள் மாமனாருக்கு நினைவு திரும்பியது. குழாயை எடுத்தார்கள். கண்ணும் தெளிந்திருந்தது. பார்க்க ஓடிவந்த மூன்று பேரையும் நர்ஸ் வாசலிலேயே மறித்தாள். "இந்தக் கண்ணோட யாரும் உள்ள வரக்கூடாது. கண்ணாடிக் கதவுக்கு வெளியவே நின்னு பாத்துக்குங்க."

நின்றார்கள். வரிசையாக, தக்காளி மாதிரி சிவந்த கண்கள், வீங்கின இமைகள். துடைக்கத் துடைக்கத் தாரைதாரையாகக் கொட்டியது.

மாமனார் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "எத்தனை நாளா அழுதுட்டிருக்குதுங்களோ... பிள்ளைங்கன்னா இப்படியில்ல இருக்கணும்!"

பிறகு, பஞ்சும் கையுமாகப் பக்கத்தில் நின்றவளை நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருஷப் பார்வை. டிக்கெட் இல்லாத ஆள் அகப்பட்டுவிட்டது.

"உன் கண்ணு மட்டும் பளிச்சுன்னு இருக்கு. ஒரு சொட்டு விட்டிருக்க மாட்டே. நான் அன்னிக்கே சொன்னேனே."

"மாமா, அது கண்..." என்று வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். செத்துப் பிழைத்த மனுஷன். உங்களுக்காக யாரும் அழவில்லை என்று எந்த வாயால் சொல்வது? விழுங்கிக்கொண்டாள். விழுங்கினது நெஞ்சுக்குள் போகாமல் கண்ணுக்கு வந்துவிட்டது. பதினைந்து நாளில் முதல் தடவையாக அவள் கண் நிறைந்தது.

நர்ஸ் பதறிப்போய் அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். "ஐயய்யோ, உங்களுக்கும் ஒட்டிக்கிச்சா?" என்று நோயாளிக்குக் கேட்காமல் கிசுகிசுத்தாள். "இத்தனை நாள் ஜாக்கிரதையா இருந்தீங்களே! போங்க, போய் அவங்களோட நில்லுங்க. இனிமே பக்கத்துல வரக்கூடாது."

வரிசையின் கடைசியில் போய் நின்றாள். கண்ணாடியின் மறுபக்கம் மாமனார் தலையைத் தூக்கிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று.

"நர்சம்மா, அங்க பாருங்க... என் சின்ன மருமகளும் அழறா!"