தீப்பெட்டிப் பையன்

வணிகச் சின்னங்களைக் காப்பதுதான் அந்தப் பழைய வழக்கறிஞர் நிறுவனத்தின் தொழில். காலையில் எல்லா நாளிதழ்களையும் புரட்டுவார்கள். கட்சிக்காரர்களான கம்பெனிகளின் சின்னம் போல எது தென்பட்டாலும் நோட்டீஸ் பறக்கும். அப்படித்தான் ஒரு கண்ணீர் அஞ்சலி விளம்பரத்துக்கும் போயிருந்தது.

இறந்த சிறுமியின் அப்பா ஜெபராஜ் அந்த நோட்டீஸோடு வந்து, அதில் கையெழுத்திட்டிருந்த வழக்கறிஞர் மனோன்மணியின் முன் நின்றார்.

"எங்க மெர்லின் மூஞ்சி உங்க சோப்புக் கம்பெனிக்குச் சொந்தமாம்மா? கல்லறையில படம் பதிக்கணும். அதுக்கும் கேஸ் போடுவீங்களா?"

"தப்பு எங்களோடதுதான் சார். தாராளமா பதிங்க."

அவரை வாசல்வரை கூட்டிவந்தாள். கூடத்துச் சுவரில் நிறுவனம் பதிவுசெய்த பழைய சின்னங்கள் சட்டமிட்டுத் தொங்கின. தாத்தா காலத்துச் சோப்பு உறையில் மெர்லின் சிரித்துக்கொண்டிருந்தாள். புருவத்தில் அதே தழும்பு. அந்தச் சின்னத்தின் பதிவை மனோன்மணி புதுப்பித்த நாளில்தான் குழந்தை இறந்திருந்தது.

ஜெபராஜ் அதைப் பார்க்கவில்லை. அடுத்த சட்டத்தின் முன் நின்றுவிட்டார். தீப்பெட்டி அட்டையில் ஒரு பையன்.

"இவன் எங்க சின்னவன்மா. இப்போ ஸ்கூல்ல இருக்கான்."

குமாஸ்தா கோப்போடு வந்தார். "மேடம், தீப்பெட்டிச் சின்னத்தைப் புதுப்பிக்க இன்னைக்குத்தான் கடைசி நாள். ஒரு கையெழுத்து."

மனோன்மணி பேனாவை வாங்கிக்கொண்டாள். புதுப்பித்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். புதுப்பிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று அங்கே யாருக்குமே தெரியாது. இத்தனை காலத்தில் ஒரு சின்னத்தைக்கூட அவர்கள் விட்டதில்லை.