ஃபிரிட்ஜ் சார் கத்தினார்

"யாரு, நம்ம ஃபிரிட்ஜ் சாரா? கஸ்டமரைப் பார்த்துக் கத்தினாரா? நீங்க ஆள் மாறிச் சொல்றீங்க" என்றார் மேலாளர்.

"என் ரெண்டு காதாலயும் கேட்டேன் சார். மேசையில ஓங்கி ஒரு தட்டு தட்டினார் பாருங்க, என் பேனா ஸ்டாண்டே குப்புற விழுந்துடுச்சு" என்றார் சூப்பர்வைசர்.

மேலாளர் கையிலிருந்த புகார்க் கடிதத்தை மறுபடியும் பார்த்தார். மின்சாதனங்களைப் பழுது பார்க்கும் அந்த நிறுவனத்தில், குறை கேட்கும் மேசை என்றால் எல்லோருக்கும் அலர்ஜி. மூன்று மாதம் தாக்குப்பிடித்தாலே பெரிய விஷயம். ஃபிரிட்ஜ் சார் மட்டும் மூன்றாவது வருடமாக அங்கே அசையாமல் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் காட்டுக்கத்தல் கத்துவார்கள். குடும்பத்தையே இழுத்து வைத்துத் திட்டுவார்கள். ஒருமுறை ஒருவர் இஸ்திரிப் பெட்டியையே வீசினார். ஃபிரிட்ஜ் சார் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. "புகார் எண்ணைக் குறிச்சுக்குங்க" என்பார், அவ்வளவுதான்.

அந்தப் பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். 'பொறுமைச் செம்மல்' என்று இரண்டு வருடம் தொடர்ந்து கேடயம் கிடைத்ததும் அப்படித்தான். கேடயத்தை வாங்கும்போதுகூட அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "என்ன ஒரு அடக்கம் பாருங்க!" என்று மேலாளர் மேடையிலேயே மெச்சினார்.

"சரி, அவரை வரச் சொல்லுங்க."

வந்தார். தலை கலைந்திருந்தது. சட்டைக் கையில் காபிக் கறை.

"உட்காருங்க சார். என்னதான் நடந்தது?"

"அந்த ஆள் நாலாவது தடவையா அதே ஃபேனைத் தூக்கிட்டு வந்தார் சார். ஃபேன்ல ஒரு கோளாறும் இல்ல. அவர் வீட்டு சுவிட்சுலதான் கோளாறு. பக்கத்து மேசைப் பொண்ணு அதை மரியாதையாத்தான் சொல்லுச்சு. உடனே, 'உனக்கெல்லாம் எவன் வேலை குடுத்தான்'னு ஆரம்பிச்சுட்டார். அது பாவம், அழுதுடுச்சு. எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு சார்."

"நியாயந்தான். அதுக்காக இப்படி ஒரு வார்த்தையா?" மேலாளர் கடிதத்தில் அந்த இடத்தை விரலால் காட்டினார். வாயால் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

ஃபிரிட்ஜ் சார் எட்டிப் பார்த்தார். சிரிப்பு வராமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

மேலாளருக்குக் கவலை வந்துவிட்டது. மனிதர் மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால் சிரிக்கிறாரே! வீட்டில் ஏதாவது பிரச்சினையோ?

"தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுல ஒரு வார்த்தை பேசட்டுமா?"

"தாராளமா பேசுங்க சார். ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்குறேன்."

மனைவிதான் போனை எடுத்தார்.

"வணக்கம்மா. பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல. வந்து... சார் இன்னிக்கு ஒரு கஸ்டமர்கிட்ட கொஞ்சம் சத்தம் போட்டுட்டார்."

"என்னது, சத்தம் போட்டாரா?"

"ஆமாம்மா. எங்களுக்கே நம்ப முடியல..."

"நல்லாக் கத்தினாரா சார்? இல்ல, சும்மா குரலை மட்டும் உசத்தினாரா?"

மேலாளர் விழித்தார். "தெரு முனை வரைக்கும் கேட்டுதும்மா" என்று சூப்பர்வைசர் எடுத்துக் கொடுத்தார்.

"அம்மாடி!" என்றது போன். "ஏய் குட்டி, படிச்சது போதும், இங்க ஓடி வா! அப்பா ஆபீஸ்ல சண்டை போட்டிருக்காருடி!"

தடதடவென்று ஓடி வரும் காலடிச் சத்தம். "நிஜமாவாம்மா? யாரோட? அப்பாதானே ஜெயிச்சாரு?" என்று ஒரு சிறுமியின் குரல்.

"சார், என்ன சொல்லித் திட்டினார்?" என்று கேட்டார் மனைவி.

"அது எதுக்கும்மா..."

"பரவாயில்ல, சொல்லுங்க சார்."

மேலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ம... மடச்சாம்பிராணி."

மறுமுனையில் ஒரு விசும்பல் கேட்டது. அது முடிவதற்குள் சிரிப்பும் சேர்ந்துகொண்டது.

"அது அவரோட வார்த்தை சார். கல்யாணமான புதுசுல என்னை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அப்படித்தான் சொல்வார். அதைக் கேட்டு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. வீட்டுக்கு வந்ததும் என்னையும் ஒரு தடவை சொல்லச் சொல்லுங்க!"

போனை வைத்த மேலாளருக்குத் தலை சுற்றியது. இந்தக் குடும்பத்தில் யாரை நொந்துகொள்வது என்று புரியவில்லை.

"எனக்குச் சங்கடமாத்தான் இருக்கு சார். ஆனா விதிமுறைன்னு ஒண்ணு இருக்கே. மெமோ குடுத்தாகணும். இந்த வருஷம் உங்களுக்குக் கேடயமும் கிடையாது."

"குடுங்க சார்!" ஃபிரிட்ஜ் சார் பரிசு வாங்குகிறவர் போல இரண்டு கைகளையும் நீட்டினார். "அப்படியே இன்னொரு நகலும் கிடைக்குமா? எங்க டாக்டருக்குக் காட்டணும். மனுஷன் துள்ளிக் குதிப்பார்."

"டாக்டரா? எந்த டாக்டர்?"

"மனநல டாக்டர் சார். எனக்கு மனச்சோர்வு. சில பேர் அழுதுக்கிட்டே இருப்பாங்களாம். எனக்கு எல்லாமே மரத்துப்போச்சு. யார் திட்டினாலும் உறைக்காது. என் பொண்ணு ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கிட்டாலும் உறைக்காது. எல்லாம் வேற யாருக்கோ நடக்கற மாதிரி பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. முகமெல்லாம் சிரிப்பு.

"பொறுமைன்னு சொல்லி ரெண்டு தடவை கேடயம் குடுத்தீங்களே சார், அதுக்குத்தான் ஆறு மாசமா மருந்து சாப்பிடறேன்!"