விலாவில் ஒரு மூடி

“வலிக்காதுங்க,” என்றாள் அவள்.

காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பண்ணையில் மாதத்தின் முதல் ஞாயிறு பொதுமக்களுக்கானது. முயலைத் தடவலாம். கன்றுக்குப் புட்டிப்பால் கொடுக்கலாம். சுற்றிவிட்டு எல்லோரும் கடைசியில் இந்தக் கொட்டகை முன்னால் வந்து நின்றுவிடுவார்கள்.

கறுப்பு வெள்ளைப் பசு ஒன்று. அதன் இடது விலாவில், ஒரு கை நுழையும் அகலத்துக்கு ரப்பர் மூடி.

மூடிக்குப் பின்னால் இரைப்பை. அதற்குள் கைவிட்டுத்தான் அவளுடைய மாணவர்கள் செரிமானம் படித்தார்கள்.

“மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் பண்ணினது. ஆறி நாலு வருஷமாச்சுங்க. பாருங்க, நல்லா தீவனம் எடுக்குது.”

கண்ணாடி போட்ட ஒருவர் கேட்டார். “உங்க வயித்துல இப்படி ஒண்ணு வெச்சுக்குவீங்களா மேடம்?”

நாலு பேர் சிரித்தார்கள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பண்ணை ஊழியர் பொங்கியண்ணன் வேகமாக வந்துகொண்டிருந்தார். கையில் வாளி.

“மாட்டாஸ்பத்திரியில இருந்து சொல்லிவுட்டாங்க. அந்தச் செவலைக்கு இப்பவே சாறு வேணுமாம்.”

செவலை, பக்கத்து ஊர் ராமாத்தாளின் பசு. ராமாத்தாளுக்கு இருப்பது அது ஒன்றுதான். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் கொட்டிய சோற்றைத் தின்றுவிட்டு மூன்று நாளாகப் படுத்துக் கிடந்தது. புளிப்பை முறிக்க மருந்து கொடுத்தாயிற்று. குளுக்கோஸ் ஏற்றியாயிற்று. வயிறு அசையவில்லை. உள்ளே தீனியைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் எல்லாம் செத்துப்போயிருந்தன.

நுண்ணுயிர்கள் உயிரோடிருக்கும் நல்ல பசுவின் இரைப்பைச் சாற்றை எடுத்து, சூடு ஆறுமுன் கொடுக்க வேண்டும்.

அவள் துறைத்தலைவரைப் போனில் கூப்பிட்டாள்.

“ஜனங்க இருக்கறப்ப மூடியத் திறக்கக் கூடாதுன்னு சொன்னேன்லம்மா. போன மாசம் எவனோ எடுத்துப் போட்ட வீடியோவுக்கே இன்னும் பதில் எழுதிட்டிருக்கேன். அஞ்சு மணிக்கு மேல எடுத்துக்கங்க.”

“சார், அஞ்சு மணிக்கு அந்தப் பசு உசிரோட இருக்காது.”

“அஞ்சு மணிக்கு மேல.”

இணைப்பு அறுந்தது.

மணி ஒன்றே கால்.

கறுப்பு வெள்ளைப் பசுவைப் பின்கொட்டகைக்குக் கொண்டுபோகலாம் என்றால் அங்கே கூரை பிரித்துப் போட்டிருந்தது. பொங்கியண்ணன் ஒரு தார்ப்பாயைக் கொண்டுவந்து தடுப்புக் கம்பியில் கட்டினார்.

“எதுக்கு மறைக்கறீங்க?” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“அப்ப என்னமோ தப்பு நடக்குது.”

தார்ப்பாயின் மேல் விளிம்பில் ஒரு கைபேசி எட்டிப் பார்த்தது. பிறகு ஏழெட்டு.

அவள் படித்தது, கற்றுக்கொடுத்தது, காலையிலிருந்து தொண்டை வறளச் சொன்னது எல்லாம் இந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரவே இல்லை.

தார்ப்பாயின் முடிச்சை அவளே அவிழ்த்தாள்.

கையுறையைத் தோள்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். மூடியைத் திருகி எடுத்தாள்.

யாரோ வீறிட்டார்கள். புளித்த வாடை அடித்ததும் முன்வரிசை பின்னுக்கு நகர்ந்தது. “ஐயோ பாவம்” என்ற குரலும் “நல்லா கிட்டப் போயி எடுடா” என்ற குரலும் ஒன்றாகக் கேட்டன.

கையை உள்ளே விட்டாள். கதகதப்பு.

வெந்த புல்லைப் போன்ற உருண்டைகளை அள்ளித் துணியில் வைத்துப் பிழிந்தாள். வாளியில் பச்சைச் சாறு இறங்கியது.

பசு தலையைக்கூடத் திருப்பவில்லை. சோளத்தட்டைத் தின்றுகொண்டிருந்தது.

அதை யாரும் படம் எடுக்கவில்லை.

வாளி நிறைந்ததும் மூடியைப் பொருத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். சாறு சட்டையில் தெறித்தது.

ராமாத்தாள் செவலையின் தாடையைப் பிடித்துக்கொண்டாள். குழாய் இறங்கியது. சாறு இறங்கியது. ராமாத்தாள் வாளியைப் பார்த்தாள், டாக்டரின் சட்டையைப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை.

“இனி?”

“பார்க்கலாங்க.”

சாயங்காலம்வரை ஒன்றும் நடக்கவில்லை. வீடியோ மட்டும் ஊரெல்லாம் சுற்றியது. அதில் அவள் முகம் தெளிவாக இருந்தது. அவளுடைய அம்மா போன் செய்து, “இதெல்லாம் நீயா கண்ணு பண்றே?” என்று கேட்டாள். அம்மாவுக்கும் முதலிலிருந்து விளக்கினாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அலுவலக உதவியாளர் ஒரு உறையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போனார்.

துறைத்தலைவரின் வாய்மொழி உத்தரவை மீறியது ஏன் என்று மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கமளிக்க வேண்டும்.

அவள் வெள்ளைத்தாளை எடுத்தாள். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று எழுதினாள். செரிமானத்தைப் பற்றி ஒரு வரி எழுதி அடித்தாள். வீடியோவைப் பற்றி ஒரு வரி எழுதி அடித்தாள். இன்னொரு தாள் எடுத்தாள். அதையும் கசக்கினாள்.

எழுந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

ராமாத்தாள் செவலையின் விலாவில் காதை வைத்துக் குந்தியிருந்தாள். அவள் வருவதைப் பார்த்ததும் கையசைத்துக் கூப்பிட்டாள். சத்தம் போடாமல்.

“டாக்டரம்மா, உள்ள என்னமோ உருளுதுங்க.”

அவள் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள்.

தூரத்து இடி போல ஒன்று. நின்றது. மறுபடியும்.

இருவரும் காத்திருந்தார்கள். செவலையின் கழுத்துக்குள் ஏதோ ஒன்று கீழிருந்து மேலே ஏறியது. தாடை ஒரு பக்கமாக நகர்ந்தது. பிறகு இன்னொரு பக்கம்.

ராமாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அறைக்குத் திரும்பி, அவள் புதுத்தாளில் எழுதினாள்.

‘மதிப்பிற்குரிய ஐயா,

இன்று காலை ஒன்பது நாற்பதுக்கு ராமாத்தாளின் பசு அசைபோட்டது.’

இது அவருக்குப் போதாது என்று தெரியும். பேனாவைச் சற்று நேரம் தாளுக்கு மேலேயே பிடித்திருந்தாள்.

பிறகு கையெழுத்துப் போட்டாள்.