இருபத்தஞ்சு ஃபைனல் பார்த்தவர்

சர்வதேச பேட்மிண்டன் போட்டியோட வெள்ளிவிழா மலர் சாயங்காலம் அச்சுக்குப் போகணும். சரித்திரப் பக்கம் மட்டும் காலி. மலர் ஆசிரியர், முதல் வருஷத்துலேருந்து போட்டிக்கு வர்ற ஒரு பெரியவரைப் பிடிச்சு உட்கார வெச்சார்.

"அண்ணே, இருபத்தஞ்சு ஃபைனலுக்கும் கோர்ட் ஓரத்துலயே உட்கார்ந்தவர் நீங்கதான். முதல் வருஷம் கடைசி ஷாட் எப்படி?"

"கோட்டுக்கு ஒரு விரல் வெளியே விழுந்துச்சு தம்பி."

"எகிறி அடிச்சாங்களா?"

"பார்க்கலையே."

"பத்தாவது வருஷம்?"

"கோட்டு மேலயே விழுந்துச்சு."

"அடிச்சது யாரு?"

"அதையும் பார்க்கலை."

"நேரமாச்சுண்ணே, விளையாடாதீங்க!"

"நான் லைன் ஜட்ஜ் தம்பி, ஷட்டில் கோட்டுக்கு உள்ளயா வெளியயான்னு மட்டும் சொல்றவன். தலையைத் தூக்கினா கோட்டை விட்டுடுவேன். ஒருநாளும் தூக்கினதில்லை."

ஆசிரியர் எழுந்து அவர் கையைப் பிடிச்சுக்கிட்டார். "சரித்திரம் கிடைச்சாச்சுண்ணே, நீங்கதான் அது!"

பெரியவர் கூச்சத்தோட கேட்டார். "மலர் வந்ததும் எனக்கொண்ணு குடுங்க. அவங்கல்லாம் எப்படி ஆடினாங்கன்னு படிக்கணும்."