முழுக் களைப்பு

தேசிய அணிக்கான ஓட்டக்காரர் பட்டியலில் தனுஷாவின் பெயர் இல்லை. மறுநாளே அவளுடைய தாய் மகாதேவி மயிலிட்டியிலிருந்து பஸ் பிடித்து, தெரிவு அதிகாரியிடம் வந்துவிட்டாள்.

"சேர், மூண்டு வருசமா என்ரை பிள்ளைதானே முதலாவதா வாறாள்?"

"போட்டி வேறை, அம்மா. இது மூச்சுச் சோதனை. மாஸ்க் போட்டு, மெசினிலை ஓடவிட்டு, உடம்பு ஆகக் கூடினது எவ்வளவு ஒட்சிசன் எடுக்குதெண்டு அளக்கிறது. முழுக்கக் களைக்கும்வரை ஓடவேணும். உங்கடை மகள் அதைச் செய்யேல்லை."

மகாதேவியின் முகம் வாடிப்போனது. "காய்ச்சலுக்குப் பிறகு அவள் ஒழுங்காச் சாப்பிடேல்லை, சேர். இன்னொருக்கா ஓட விடுங்கோ."

"சோதனைக்கு வந்த மற்றப் பிள்ளை சாருஜாவைப் பாருங்கோ. ஆறாவது நிமிசமே மெசினிலை சுருண்டு விழுந்தாள். அதுதான் முழுமையான சோதனை. அவளை எடுத்திட்டம்."

"என்ரை பிள்ளை அதுக்கு முதலே நிண்டிட்டாளோ?"

"எங்கை நிண்டவள்? மெசினின்ரை முழு வேகத்திலை அரை மணித்தியாலம் ஓடியும் அவளுக்குக் களைக்கேல்லை. எங்களுக்குப் பசி வந்திட்டுது. மெசினை நிப்பாட்டிப்போட்டுச் சாப்பிடப் போயிட்டம்."

அதிகாரி அனுதாபத்தோடு கோப்பை மூடினார்.

"அடுத்த முறையெண்டாலும் பிள்ளையைக் கொஞ்சம் களைக்கச் சொல்லுங்கோ, அம்மா."