கோட்டுக்கு வெளியே

கணிதத்தில் ஓர் அணியின், அதாவது மேட்ரிக்ஸின், ஐகன் மதிப்புகள் எல்லாம் அதன் எண் வீச்சு என்னும் பரப்புக்குள்தான் இருக்க முடியும். தமயந்தி அந்தப் பரப்பாகத் திரையில் வரைந்த முட்டை வடிவத்துக்கு வெளியே, ஐகன் மதிப்புகளைக் குறித்த புள்ளிகளில் ஒன்று நின்றது. ஆய்வேட்டை நாளை ஒப்படைக்க வேண்டும். அதன் முடிவுகள் அனைத்தும் அந்த வடிவத்தின் எல்லைக்கோட்டை நம்பியிருந்தன.

"புள்ளிய அழிச்சிடு. ஒண்ணு கொறஞ்சா எந்த எக்ஸாமினர் எண்ணிப் பாக்கப் போறாரு?" என்றான் உடன் ஆய்வு செய்யும் செபஸ்தியான்.

"அது மேல தப்பில்லடா. கோடு வரையறப்ப நான்தான் கான்ஜுகேட் எடுத்துக் குறிய மாத்த மறந்திருக்கேன்."

"கோடு தப்புன்னா அஞ்சு வருஷமும் போச்சுடி."

"தெரியுது. அதுக்காக இதைப் பலி குடுக்கச் சொல்றியா?"

அவள் கோட்டை அழித்தாள். வெள்ளைத் திரையில் புள்ளிகள் மட்டும் இருந்தன. அவற்றில் வெளியே நின்றது எது என்று இருவருக்கும் தெரியவில்லை.